புதுப்பிப்பு: குதிகால் வலி, மூன்று மாதம் கழித்து

காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைத்ததும் குதிகாலில் ஆணி குத்துவது போல வலி, பத்து அடி நடந்தால் குறைகிறது என்று இங்கே எழுதியிருந்தேன். பிசியோதெரபிஸ்டைப் பார்க்கச் சொன்னீர்கள், பார்த்தேன்.

குதிகாலிலிருந்து விரல்கள் வரை பாதத்தின் அடியில் ஓடும் தடித்த பட்டைதான் காரணமாம். இரவெல்லாம் சும்மா கிடந்தது, முதல் அடியில் சட்டென்று இழுபடுகிறது. அதனால் எழுந்ததும் காலைத் தரையில் வைப்பதில்லை. துண்டைப் பாதத்தில் மாட்டி, முழங்காலை மடக்காமல் என் பக்கம் 30 வினாடி இழுக்கிறேன், மூன்று முறை. அப்புறம்தான் இறங்குவது.

ஒருநாள் விட்டு ஒருநாள், படியில் சுருட்டிய துண்டின் மேல் கால்விரல்களை வைத்து, குதிகாலை மெதுவாக ஏற்றி இறக்குகிறேன். 3 வினாடி ஏற்றம், 2 வினாடி நிறுத்தம், 3 வினாடி இறக்கம். முதல் மூன்று வாரம் ஒரு மாற்றமும் தெரியவில்லை. தயவுசெய்து அங்கே விட்டுவிடாதீர்கள்.

டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு நின்று சமைப்பதையும் நிறுத்திவிட்டேன். "வீட்டுக்குள்ள செருப்பா?" என்ற அம்மாவும் இப்போது மெத்தென்ற செருப்பு போட்டுத்தான் தோசை ஊற்றுகிறார்.

ஊசி போட்டீர்களா என்று கேட்டிருந்த அக்காவுக்கு: இல்லை, தேவைப்படவில்லை.