பிஞ்சு எல்லாம் கொட்டுகிறது, அவசர உதவி!

மாடிவாசி: வணக்கம். ஒரு வாரமாகப் பிஞ்செல்லாம் மஞ்சளாகிக் கொட்டுகிறது. நேற்று மட்டும் ஆறு. தண்ணீர், உரம் எல்லாம் சரியாகத்தான் போகிறது. என்ன தெளிக்கலாம்? சீக்கிரம் சொல்லுங்கள், ஆபீஸ் கிளம்பணும்.

செம்பருத்தி: என்ன செடி என்று சொல்லவே இல்லையே?

தக்காளித் தாத்தா: எதுவானால் என்ன, தேமோர்க் கரைசல்தான். புளித்த மோரும் தேங்காய்ப்பாலும் சம அளவு, ஏழு நாள் ஊறட்டும். பத்துப் பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு.

மண்புழு மாமா: மாதம் ஒருமுறை இதே கேள்வி. பழைய பதிவுகளைத் தேடிப் படிக்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. செடி, ஊர், பை அளவு, எத்தனை மணி நேர வெயில், படம். ஒன்றுமே சொல்லாமல் கேட்டால் ஜோசியம்தான் பார்க்க முடியும்.

மாடிவாசி: மன்னிக்கவும். பீர்க்கு. மதுரை, மூன்றாவது மாடி. 25 கிலோ அரிசிச் சாக்கில் வைத்திருக்கிறேன். ஆண் பூ கொத்துக் கொத்தாக வருகிறது.

கொடிப்பந்தல்: கொட்டிய பிஞ்சில் ஊசி குத்தினாற்போல் துளை, பிசின் இருக்கிறதா? இருந்தால் பழ ஈ. அறுத்துப் பாருங்கள், புழு நெளியும்.

மாடிவாசி: அறுத்தேன், புழு இல்லை. சுண்டுவிரல் நீளம் வந்ததும் மஞ்சளாகிச் சுருங்கிவிடுகிறது. மகரந்தம்கூட நானேதான் சேர்க்கிறேன், தினமும் காலை ஏழு மணிக்குத் தண்ணீர் ஊற்றும்போது.

தக்காளித் தாத்தா: அப்போ தேமோர்தான்.

செம்பருத்தி: தாத்தா, போன வருடம் உங்களை நம்பி ஊறவைத்தேன். மூடி தெறித்து, நாற்றம் கீழ்வீடுவரை போய், வீட்டுக்காரர் தோட்டத்தையே எடுக்கச் சொன்னார்.

தக்காளித் தாத்தா: இறுக்கி மூடினால் தெறிக்காமல் என்ன செய்யும்? துணி கட்டச் சொன்னேனே.

மண்புழு மாமா: தேங்காய் விற்கிற விலைக்கு அதைச் செடிக்கு ஊற்றுவது பாவம்.

தக்காளித் தாத்தா: சட்னி அரைத்தால் மட்டும் புண்ணியமோ?

கொடிப்பந்தல்: சண்டை அப்புறம். காலை ஏழு மணி என்கிறாரே, யாரும் கவனிக்கவில்லையா? பாகல், பூசணிதான் காலையில் மலரும். பீர்க்கு அந்தி சாயும்போதுதான் விரியும். ஏழு மணிக்கு நீங்கள் தொடுவது நேற்றைய பூ. மாலை ஆறு மணிவாக்கில் புதிதாய் விரிந்த ஆண் பூவைப் பறித்து, இதழை உரித்துவிட்டு, அடியில் பிஞ்சு இருக்கும் பூவின் நடுவில் மெல்லத் தேயுங்கள். ஒரு பெண் பூவுக்கு இரண்டு ஆண் பூ. மூன்றாவது மாடிக்கு அந்துப்பூச்சி ஏறி வராவிட்டால் நீங்கள்தான் வரணும்.

மண்புழு மாமா: இதைத்தான் நானும் சொல்ல வந்தேன்.

செம்பருத்தி: வந்தீர்கள், சொல்லவில்லை மாமா. கொடிப்பந்தல், என் புடலைக்கும் இப்படித்தானா?

கொடிப்பந்தல்: ஆமாம். புடலை, சுரை இரண்டுக்கும் மாலைதான்.

மாடிவாசி (ஒன்பது நாள் கழித்து): ஐந்து பூவுக்குச் செய்தேன், நான்கு நின்றது. ஒன்று ஜாண் நீளம் வந்துவிட்டது. நன்றி.

தக்காளித் தாத்தா: கூடவே தேமோரும் தெளித்தீர்கள்தானே?