அம்பின் 'ஸ்பைன்': தமிழில் எப்படிச் சொல்வது?

குழுமத்தாருக்கு வணக்கம்.

வேட்டை வில்லையும் அம்பையும் சரிப்படுத்துவது பற்றிய ஒரு கையேட்டை மொழிபெயர்த்து வருகிறேன். வட அமெரிக்காவில் உரிமம் வாங்கி, காம்பவுண்ட் வில்லோடு (முனைகளில் கப்பி பொருத்தியது) மான் வேட்டைக்குப் போகிறவர்களுக்கான நூல். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். 'ஸ்பைன்' என்ற சொல்லில் முட்டிக்கொண்டு நிற்கிறேன். தண்டு எவ்வளவு வளைந்து கொடுக்கும் என்பதன் அளவு அது. 28 அங்குல இடைவெளியுள்ள இரண்டு தாங்கிகள் மேல் தண்டை வைத்து, நடுவில் சுமார் 880 கிராம் எடையைத் தொங்கவிடுகிறார்கள். நடுப்பகுதி அரை அங்குலம் தாழ்ந்தால் ஸ்பைன் 500, 0.34 அங்குலம் தாழ்ந்தால் 340. எனக்கு முன் இதைத் தொட்டவர் 'அம்பின் முதுகெலும்பு' என்று எழுதி வைத்திருக்கிறார். கைகொடுங்கள்.
– செ.

---

இதற்கு ஏன் இவ்வளவு கவலை? 'விறைப்பு'. எல்லோருக்கும் புரியும்.
– க.

---

புரியும், ஆனால் தப்பாகப் புரியும். நான் வில்வித்தை சொல்லிக்கொடுப்பவன். 'விறைப்பு 500' என்று அச்சில் பார்க்கும் பையன், அது 340-ஐ விட விறைப்பான தண்டு என்றுதான் எடுத்துக்கொள்வான். நிஜம் நேர் எதிர்: எண் கூடக் கூடத் தண்டு துவளும். இழுவிசை அதிகமுள்ள வில்லில் துவளும் தண்டைப் பூட்டினால் அம்பு ஆடிக்கொண்டே போகும். வேட்டைக்காரருக்கு இது இன்னும் முக்கியம். அகன்ற அலகுள்ள வேட்டை முனை, முன்பக்கம் பொருத்திய இறக்கை மாதிரி காற்றைப் பிடிக்கும். பயிற்சி முனையில் மறைந்துகிடந்த சிறு ஆட்டம்கூட அதில் பெரிதாகி, அம்பு வேறு பக்கம் போகும். மான் அடிபட்டு, விழாமல் ஓடிவிடும். சொல் எதுவானாலும் வளைவைச் சொல்லட்டும், விறைப்பைச் சொல்ல வேண்டாம்.
– த.

---

வளைவுதான் வேண்டுமென்றால் தமிழில் பஞ்சமா? 'ஒசிவு' இருக்கிறது. பூங்கொம்பு ஒசியும், இடை ஒசியும். அதைவிட நல்லது 'வணக்கம்'. 'வில்வணக்கம் தீங்கு குறித்தமை யான்' (குறள் 827) என்று வள்ளுவரே வில் வளைவதை வணக்கம் என்கிறார். வில்லுக்கு வணக்கம் உண்டென்றால் அம்புக்கு ஏன் கூடாது? வண், வணர், வணங்கு, வாங்கு எல்லாம் ஒரே வேரில் கிளைத்தவை என்பது என் துணிபு; வில்லை 'வாங்குதல்' என்பதும் வளைத்தல்தானே. வளையல், வளாகம், வளி என்று இன்னும் போகலாம்…
– மு.

---

ஐயா, வளி வரைக்கும் வேண்டாம். 'அம்பின் வணக்கம் 340' என்று அச்சிட்டால் வாசகர் பதில் வணக்கம் போடுவார். ஒசிவிலும் ஒரு வில்லங்கம் உண்டு. கண்ணன் குருந்தொசித்தான் என்றால் முறித்தான் என்றுதானே பொருள்? கார்பன் தண்டில் கீறல் இருந்தால் நாணை விடும்போதே சிதறி, வில் பிடித்த கையில் ஏறிவிடும். முறிவை நினைவூட்டும் சொல்லை அங்கே வைக்க எனக்கு மனம் வரவில்லை.
– செ.

---

பெயர் கிடக்கட்டும், ஒரு சந்தேகம். 'கணைகொடிது யாழ்கோடு செவ்விது' (279; நேரான கணை செயலில் கொடியது, வளைந்த யாழ் இனியது) என்ற குறளே அம்பு நேரானது என்ற எண்ணத்தில் நிற்கிறது. பறக்கும்போது வளைகிறது என்றால் குறள் என்ன ஆகும்?
– க.

---

குறளுக்கு ஒன்றும் ஆகாது, அது தூணியில் இருக்கும் அம்பு. நாண் பின்னாலிருந்து தள்ளும்போது முனையின் எடை தடுக்கிறது. நடுவில் தண்டு வளைந்துவிடுகிறது. விரலால் நாணை விடும் பழைய வகை வில்லில் அம்பு பக்கவாட்டில் நெளிந்து, வில்லின் உடலைச் சுற்றிக்கொண்டு வெளியேறும். 1930-களில் அமெரிக்க இயற்பியலாளர் ஹிக்மன் அதிவேகப் படம் எடுத்து இதைக் காட்டினார். அதனால் எடை தொங்கவிட்டு அளக்கும் 'நிலை ஸ்பைன்' ஒன்று, எய்யும்போது காட்டும் 'இயங்கு ஸ்பைன்' ஒன்று. முனையில் எடை கூட்டினால் இயக்கத்தில் துவளல் கூடும். தண்டை வெட்டிக் குட்டையாக்கினால் குறையும்.
– த.

---

அதே குறளில் யாழும் கணையும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதைக் கவனித்தீர்களா? வில்லை 'டியூன்' செய்வதற்கும் சொல் அங்கேதான். யாழைச் சுருதி கூட்டுவது 'பண்ணுதல்'. தேரையும் யானையையும் போருக்கு ஆயத்தம் செய்வதும் 'பண்ணுதல்'. பெரும்பாணாற்றுப்படையில் இடையன் குமிழங்கொம்பை வளைத்து, மரல் நாரை நரம்பாகக் கட்டி வில்யாழே செய்கிறான். ஆகவே 'வில் பண்ணுதல்'.
– மு.

---

அழகுதான் ஐயா. ஆனால் இன்றைய காதில் 'வில் பண்ணுதல்' என்றால் வில் தயாரிப்பது. நான் 'சரிப்படுத்தல்' என்றே விட்டுவிடுகிறேன்.

அப்புறம் த. அவர்களே, தாள் சோதனைப் பகுதியை நீங்கள் பார்த்துக் கொடுத்தால் நல்லது: 'சட்டத்தில் தாளை இறுக்கி, சுமார் இரண்டு மீட்டர் தள்ளி நின்று எய்க. முனை போட்ட துளையைச் சுற்றி மூன்று சிறகுகளின் கீறல் மட்டும் தெரிந்தால் அம்பு நேராகப் போயிருக்கிறது. சிறகுகளின் கீறல் துளைக்கு மேலே விலகியிருந்தால், நாணில் அம்பு பூட்டும் இடத்தைச் சற்றே இறக்குக.'
– செ.

---

சரியாக இருக்கிறது. ஒன்று சேருங்கள்: சிறகு வில்லிலோ அம்பை ஏந்தும் தாங்கியிலோ உரசினாலும் இதே கிழிசல் வரலாம். அதைப் பார்த்த பிறகு பூட்டும் இடத்தில் கை வைக்கட்டும். ஸ்பைனுக்கு 'வளைவெண்' என்றால் எனக்குச் சம்மதம். எண் கூடினால் வளைவு கூடும், குழப்பம் இல்லை.
– த.

---

வளைவெண்ணுக்கு என் ஓட்டும். தூங்கப் போகிறேன்.
– க.

---

'வளைவெண்' என்பது அளவின் பெயர்; பண்பின் பெயர் அல்ல. 'இயங்கு வளைவெண்' என்று எப்படி எழுதுவீர்கள்? அதை எடை தொங்கவிட்டு அளக்கவே முடியாதே, எண் எங்கிருந்து வரும்?
– மு.

---

நியாயமான கேள்வி ஐயா, என்னிடம் பதில் இல்லை. அட்டவணைகளில் 'வளைவெண்', இயக்கத்தைப் பேசும் அத்தியாயத்தில் 'துவளல்', இரண்டும் முதலில் வரும் இடத்தில் 'ஸ்பைன்' என்று ஒரு குறிப்பு. இப்படியே அனுப்புகிறேன்.
– செ.

---

ஒரு பொருளுக்கு இரண்டு சொல். என் மறுப்பைப் பதிவு செய்கிறேன்.
– மு.