தம்பிக்கு 60 நாள் சிறை, வேலைக்குப் போய்வர அனுமதி உண்டு: விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

கேள்வி: மில்வாக்கி அக்கா

என் தம்பி அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஒரு பேக்கரியில் வேலை பார்க்கிறான். கைகலப்பு வழக்கு ஒன்றில் ஓராண்டு புரொபேஷன் (கண்காணிப்பின் கீழ் வெளியே இருக்கும் தண்டனை) விதித்த நீதிபதி, அதன் நிபந்தனையாக 60 நாள் கவுண்டி (மாவட்டம் போன்ற பகுதி) சிறையில் இருக்கச் சொல்லிவிட்டார். வேலைக்குப் போய்வர ‘ஹூபர்’ அனுமதி கொடுத்திருக்கிறார். அவன் கை நீட்டியது தவறுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அவன் வேலை அதிகாலை 3 மணிக்குத் தொடங்கும். அந்த நேரத்தில் வெளியே விடுவார்களா? சம்பளம் யார் கைக்குப் போகும்? அவன் மனைவிக்கு இது ஏழாம் மாதம். முதலாளியிடம் எப்படிச் சொல்வது என்று நினைத்து இரண்டு இரவுகளாகத் தூக்கமில்லை.

பதில்: வடக்கு வீதி

அக்கா, நானும் இதே மாநிலத்தில் 45 நாள் இப்படிச் சிறையில் இருந்தவன். முதலாளியிடம் இன்றே சொல்லுங்கள். நான் இருந்த சிறையில் வேலையிடம், ஷிப்ட் நேரம், போய்வரும் வழி எல்லாவற்றையும் எழுதி வாங்கி, முதலாளியிடமும் சரிபார்த்தார்கள். மறைத்திருந்தால் வேலையும் போயிருக்கும். 3 மணி ஷிப்டைப் பற்றி, சிறையைக் கவனிக்கும் ஷெரீஃப் (கவுண்டி காவல் அதிகாரி) அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

நேரம்தான் உயிர். வேண்டுமென்றே திரும்பாமல் இருந்தால் அது தப்பியோடிய குற்றம். ஒருநாள் பனியில் பஸ் நின்றுவிட்டது. அங்கிருந்தே சிறைக்குத் தொலைபேசினேன், கை நடுங்கியது. திரும்பும்போது சோதனை உண்டு. சட்டைப்பையில் ஒரு மிட்டாய்கூட இருக்கக் கூடாது.

பதில்: பழைய எழுத்தர்

1913-இல் விஸ்கான்சின் மாநில செனட்டர் ஹென்றி ஹூபர் கொண்டுவந்த சட்டம் என்பதால் அந்தப் பெயர். சிறைக்குப் போனவனின் குடும்பம் பட்டினி கிடக்கக் கூடாது என்ற எண்ணம் அதில் இருக்கிறது, அதனாலேயே எனக்கு அதன்மேல் மதிப்பு. சம்பளத்தை ஷெரீஃப் வாங்கிக்கொள்ள முடியும். முதலில் சிறைச் சாப்பாட்டுச் செலவு, பிறகு பயணச் செலவு, அடுத்து குடும்பப் பராமரிப்பு, அதற்குப் பின் கடன்கள்; மீதி விடுதலையாகும்போது அவர் கைக்கு வரும். ஒழுங்கு மீறினால் ஷெரீஃப் 5 நாள் வரை வெளியே விடாமல் நிறுத்தலாம்.

மருத்துவச் சிகிச்சைக்கும் குடும்பத்தாரைக் கவனிக்கவும்கூட நீதிமன்றம் அனுமதி தரலாம். பிரசவ நாள் நெருங்குவதை வழக்கறிஞரிடம் சொல்லுங்கள். தம்பி விசாவில் இருந்தால் குடியேற்ற வழக்கறிஞரையும் தனியாகப் பாருங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

மில்வாக்கி அக்கா

இருவருக்கும் நன்றி. இன்று காலை முதலாளியைப் பார்த்தேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, ஷிப்டை 6 மணிக்கு மாற்றிக் கடிதம் தருவதாகச் சொன்னார். இப்போது சிறையிலிருந்து பேக்கரிக்கு எந்த பஸ் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.