காட்டு நன்னாரி அருகி வருகிறது: இழைய வளர்ப்புக் கன்றுகள் கைகொடுக்குமா?

வினா: ஒட்டுசுட்டான் வாசி

ஒட்டுசுட்டானைச் சுற்றியுள்ள காட்டோரங்களில் முன்னர் தாராளமாகக் கிடைத்த நன்னாரி, இப்போது உட்காட்டிலும் அரிதாகிவிட்டது. வேருக்கே விலை என்பதால் பிடுங்குபவர்கள் கொடியை அடியோடு கிளறி எடுக்கிறார்கள். மீண்டும் தளிர்ப்பதற்கு மண்ணில் எதுவும் மிஞ்சுவதில்லை. எனது அரை ஏக்கர் மேட்டுக்காணியில் இதைப் பயிரிட எண்ணியுள்ளேன். சிறு தாவரத்துண்டிலிருந்து ஆய்வுகூடப் போத்தலில் வளர்த்தெடுக்கும் இழைய வளர்ப்புக் கன்றுகளை நடலாமா? அவற்றின் வேரில் மருந்துக்குணம் குறைவு என்று மருந்துச்சரக்குக் கடைக்காரர் ஒருவர் சொல்வது சரியா?

மறுமொழி 1: கணுத்துண்டு

குணம் குறைவதற்கு இழைய வளர்ப்பு தன்னளவில் காரணமாகாது. கணுவோடு கூடிய சிறு தண்டுத்துண்டைக் கிருமிநீக்கி, 1962 இல் முராசிகே, ஸ்கூக் என்னும் விஞ்ஞானிகள் வகுத்த போசணை ஊடகத்தில் வைத்து, சைற்றோகைனின் என்னும் தாவர ஓமோனைக் கொடுத்துத் தளிர்களைப் பெருக்கி, பின்னர் ஒட்சின் என்னும் ஓமோனைக் கொடுத்து வேர்விடச் செய்கிறோம். இப்படிக் கணுவிலிருந்து வரும் கன்றுகள் பெரும்பாலும் தாய்க்கொடியின் நேர்ப்பிரதிகளே. ஆகவே தாய்க்கொடியின் வேரில் மணம் குன்றியிருந்தால், அதிலிருந்து எடுக்கும் ஆயிரம் கன்றுகளும் அப்படியே இருக்கும். நன்னாரியின் மணத்துக்குக் காரணமான 2-ஐதரொட்சி-4-மெதொட்சிபென்சல்டிகைட்டு என்னும் சேர்வை வேரில் சேர்வதற்குக் காலமும் வேண்டும். இளவேரை அவசரப்பட்டுத் தோண்டிவிட்டுக் கன்றைக் குறைசொல்வது நியாயமன்று.

உண்மையான இடர் போத்தலை விட்டு வெளியே எடுத்த பின்னரே தொடங்குகிறது. ஈரம் நிறைந்த போத்தலுக்குள் வளர்ந்த இலையில் மெழுகுப்படை மெல்லியது. இலைவாய்களும் ஒழுங்காக மூடுவதில்லை. கச்சான் காற்று வீசும் மாதங்களில் அத்தகைய கன்றை நேரே வெளியில் வைத்தால் ஒரு பகற்பொழுதிலேயே துவண்டுவிடும். வேரில் ஒட்டிய ஏகார் என்னும் ஊடகக் கூழைக் கழுவி, தும்புச்சோறும் மணலும் கலந்த பையில் நட்டு, பொலித்தீன் மூடியைச் சிறிது சிறிதாகத் திறந்து பழக்க வேண்டும்.

மறுமொழி 2: சித்த வைத்தியர், நெடுங்கேணி

எனது கவலை வேறு. நன்னாரி என்று கடைக்கு வரும் மூட்டைகளில் வேறு கொடிகளின் வேரும் கலந்துவிடுகிறது. உலர்ந்த பின் கண்ணால் பிரிப்பது கடினம். இலையில் நடுநரம்பை ஒட்டிய வெண்கோட்டையும், கீறினால் வடியும் பாலையும், வேரின் மணத்தையும் மூன்றும் ஒருங்கே பார்த்துத் தாய்க்கொடியைத் தெரிவுசெய்யுங்கள். ஒரே கொடியை நம்ப வேண்டாம். வெவ்வேறு குளக்காடுகளிலிருந்து வந்த பல தாய்க்கொடிகளை வைத்திராவிட்டால், ஒரு நோய் தோட்டம் முழுவதையும் தின்றுவிடும்.

ஆய்வுகூடச் செலவு தேவைப்படும் மூலிகை நன்னாரியைவிடச் சர்ப்பகந்திதான். அதன் விதைகள் சரிவர முளைப்பதில்லை. வேரை எடுத்தால் செடியும் போய்விடும். அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைற்றிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பின்னிணைப்பிலும் அது இடம்பெற்றுள்ளது.

மறுமொழி 3: முத்தையன்கட்டுத் தோட்டக்காரன்

வைத்தியர் ஐயாவின் கருத்தோடு உடன்படுகிறேன். அரை ஏக்கருக்கு இழைய வளர்ப்பு மிகை என்பது என் எண்ணம். முற்றிய தண்டுத்துண்டிலும் வேர்த்துண்டிலும் நன்னாரி தளிர்க்கும். எல்லாத் துண்டும் பிடிக்காது, அதனால் தேவைக்கு அதிகமாகவே வையுங்கள். மாரி மழை தொடங்கும்போது நட்டால் முதல் சில மாதங்கள் தண்ணீர்ச் சிரமம் இராது. சீமைக்கிளுவை வேலியை ஒட்டி நட்டால் படர்வதற்குக் கொம்பும் அரைநிழலும் ஒருங்கே கிடைக்கும். பட்டுப்போன்ற பஞ்சு விதையைக் காற்று கொண்டுபோவதற்குள், காய் வெடிக்கும் முன்பே பறித்துச் சேகரிக்கலாம்.

வேர் எடுக்க இரண்டு மூன்று ஆண்டுகள் பொறுங்கள். அப்போதும் ஒரு பக்கத்து வேரை மட்டும் வெட்டி மண்ணணைத்து விட்டால் கொடி பிழைக்கும். தாய்க்கொடிக்காக ஒதுக்கக்காட்டில் கைவைக்கும் முன் வனவளத் திணைக்களத்திடம் எழுத்தில் அனுமதி பெறுங்கள். அந்தக் கடிதத்தையும் நட்ட திகதிகளையும் ஒரு கோப்பில் பேணினால், பின்னர் வேரை விற்கும்போது அது காட்டில் பிடுங்கியதன்று என்று காட்ட உதவும்.