ஐரோப்பாவில் முதல் பாட்மின்டன் போட்டி: அரங்கமும் ஷட்டிலும் எப்படி இருக்கும்?

திருநகர் அப்பா எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்குப் பதினேழு வயதாகிறது. மாநில ஜூனியர் போட்டிகளில் ஒற்றையர் பிரிவில் கால் இறுதி, அரை இறுதி வரை வந்துவிடுகிறாள். வரும் குளிர்காலத்தில் ஐரோப்பாவில் நடக்கும் ஒரு ஜூனியர் சர்வதேசப் போட்டிக்கு அவள் பெயர் அனுப்பப்பட்டிருக்கிறது. விசா, டிக்கெட், தங்குமிடம் பற்றியெல்லாம் பயிற்சியாளர் சொல்லிவிட்டார். கோர்ட்டுக்குள் என்ன நடக்கும் என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும். அவள் பயிலும் அரங்கம் தகரக் கூரை போட்டது, ஏசி கிடையாது. காற்று புகாதபடி கதவுகளைச் சாத்திவிட்டு, வியர்வையில் நனைந்த சட்டையை நடுவில் மாற்றிக்கொண்டு ஆடிப் பழகியவள். சென்ற ஆண்டு அதே அகாடமியிலிருந்து போய்வந்த ஒரு பையன், அங்கே ஷட்டில் வேறு மாதிரிப் பறக்கிறது, முதல் கேம் முடிகிற வரைக்கும் ஒன்றும் பிடிபடவில்லை என்று மட்டும் சொன்னான். அது ஏன் அப்படி என்பதையும், இங்கிருந்தே எவ்வாறு தயாராகலாம் என்பதையும், வெளிநாட்டில் ஆடியவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

பின்கோடு எழுதியது:

ஐயா, அந்தப் பையன் சொன்னது உண்மைதான். சில ஆண்டுகள் ஐரோப்பாவில் சிறிய அளவிலான சர்வதேசப் போட்டிகளில் ஆடியவள் என்ற முறையில் சொல்கிறேன்.

ஷட்டில் டப்பாவின் மூடியில் 76, 77, 78 என்று அச்சிட்டிருக்கும் எண், அதன் எடையைக் கிரெய்ன் என்ற சிறிய எடை அலகில் குறிப்பது. சூடான காற்று அடர்த்தி குறைந்தது என்பதால் நம் ஊரில் ஷட்டில் தூரமாகப் பறக்கும். அதனால் 75, 76 போன்ற இலேசான ஷட்டில்களில் ஆடுகிறோம். குளிர்ந்த காற்றில் அதே ஷட்டில் பாதி வழியில் தொய்ந்துவிடும் என்பதால் அங்கே 77, 78 எடுப்பார்கள். எடையைக் கூட்டி ஈடுகட்டிவிட்டார்களே, பிறகென்ன வித்தியாசம் என்று கேட்கலாம். எந்த எண் ஷட்டில் என்பதைப் போட்டி தொடங்குமுன் அரங்கத்தில் அடித்துப் பார்த்து முடிவு செய்வார்கள். ஆனால் காலை ஒன்பது மணிக்கு ஆள் இல்லாமல் சில்லிட்டுக் கிடக்கும் அரங்கமும், மாலையில் ஹீட்டர் ஓடி, ஆட்கள் நிறைந்து வெதுவெதுப்பான அரங்கமும் ஒன்றல்ல. காலையில் பின்கோட்டுக்கு ஓரடி உள்ளே விழுந்த கிளியர் (எதிராளியின் பின்கோடு வரை உயரமாக அடிப்பது), மாலையில் அதே கை வீச்சுக்கு வெளியே போய் விழும். ஹீட்டரால் காற்று வறண்டு போவதால் இறகுகளும் சீக்கிரம் ஒடியும். ஓர் இறகு ஒடிந்தாலே ஷட்டில் தள்ளாடத் தொடங்கிவிடும்.

இதைவிடப் பெரிய தொல்லை டிரிஃப்ட். பெரிய அரங்குகளில் ஏசி அல்லது ஹீட்டர் குழாய்களிலிருந்து வரும் காற்று கோர்ட்டின் மேல் ஒரு பக்கமாக ஓடிக்கொண்டே இருக்கும். கீழே நிற்பவருக்கு அது தெரியாது, உயரத்தில் போகும் ஷட்டிலுக்குத்தான் தெரியும். காற்று முதுகுக்குப் பின்னாலிருந்து வரும் பக்கத்தில் நின்றால் லிஃப்டும் (வலையருகிலிருந்து உயரத் தூக்கி அடிப்பது) கிளியரும் வெளியே போகும். எதிர்ப்பக்கத்தில் முழு பலத்தோடு அடித்தாலும் ஷட்டில் கோர்ட்டின் நடுப்பகுதிக்கு மேல் நின்றுவிடும், எதிராளி அதை ஸ்மாஷ் அடிப்பார். இரண்டையும்விடக் கஷ்டமானது குறுக்கே ஓடும் காற்று. அப்போது ஓரக் கோட்டை ஒட்டி அடிக்கும் ஆசையை விட்டுவிட்டு, ஓரடி உள்ளேயே குறி வைக்க வேண்டும். கதவைச் சாத்திவிட்டு ஆடிய பிள்ளைகளுக்கு இது புதிது. அதனால்தான் முதல் கேம் கை நழுவிப் போகிறது. முதல் ஐந்தாறு புள்ளிகளுக்குள் வேண்டுமென்றே இரண்டு உயரமான கிளியர்களை அடித்து, எங்கே விழுகிறது என்று பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். அதில் ஒரு புள்ளி போனாலும் போகட்டும்.

உடல் சூடேறுவதும் அங்கே தாமதமாகும். கோர்ட்டில் ஏறிய பிறகு அடித்துப் பார்க்கக் கிடைப்பது ஓரிரு நிமிடங்கள்தான். ஆகவே கோர்ட்டுக்கு வெளியிலேயே, டிராக் சூட்டைக் கழற்றாமல், வியர்க்கும் வரை ஓடியும் ஸ்கிப்பிங் செய்தும் தயாராக நிற்க வேண்டும். இத்தனை மணிக்கு ஆட்டம் என்று அட்டவணையில் போட்டிருந்தாலும், முந்தைய ஆட்டங்கள் நீண்டால் ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போகும். அந்தக் காத்திருப்பில் உடல் ஆறிவிடுவதுதான் எனக்குப் பெரும் தலைவலியாக இருந்தது.

சேலம் கோச் எழுதியது:

மேலே சொன்னதோடு டாஸ் பற்றியும் சேர்த்துக்கொள்ளுங்கள். நம் பிள்ளைகள் டாஸ் வென்றதும் யோசிக்காமல் சர்வீஸ் கேட்கிறார்கள். டிரிஃப்ட் உள்ள அரங்கில் கேட்க வேண்டியது பக்கம். 21 புள்ளி ஆட்டத்தில் ஒவ்வொரு கேம் முடிந்ததும் பக்கம் மாறுவார்கள். மூன்றாவது கேமில் ஒருவர் 11ஐத் தொட்டதும் மீண்டும் மாறுவார்கள். ஆக, முதல் கேமைக் கடினமான பக்கத்தில் தொடங்கினால், ஆட்டம் மூன்றாவது கேமுக்குப் போகும்போது கடைசிப் பகுதியை வசதியான பக்கத்தில் ஆடலாம். ஆனால் எந்தப் பக்கம் வசதியானது என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஸ்மாஷை நம்பி ஆடுபவருக்குப் பின்காற்று பிடிக்கும். நீளமான ராலி ஆடுபவர், எவ்வளவு ஓங்கி அடித்தாலும் வெளியே போகாத எதிர்காற்றுப் பக்கத்தைத்தான் விரும்புவார். உங்கள் மகள் எந்த வகை என்பது அவளுடைய பயிற்சியாளருக்குத் தெரியும்.

இன்னொன்று. ஷட்டில் வேகமாகப் போனால் இறகின் நுனியை மடக்கிவிட்டு ஆடும் பழக்கம் நம் கிளப்புகளில் சர்வ சாதாரணம். சர்வதேசப் போட்டியில் ஆட்டக்காரர் வேண்டுமென்றே அப்படிச் செய்வது விதிமீறல், நடுவர் எச்சரிப்பார். ஷட்டில் சரியில்லை என்றால் அவரிடம் காட்டி மாற்றித் தரும்படி கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

முடிந்தால் அடுத்தடுத்த வாரங்களில் இரண்டு போட்டிகளுக்குப் பெயர் கொடுங்கள். 1980இல் பிரகாஷ் படுகோன் ஆல் இங்கிலாந்து பட்டம் வென்றதை எல்லோரும் பேசுவோம். அதே பருவத்தில் அதற்கு முன்பே டேனிஷ் ஓபனையும் ஸ்வீடிஷ் ஓபனையும் வென்றிருந்தார் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. லண்டனில் அவர் கோர்ட்டில் இறங்கியபோது ஐரோப்பிய அரங்குகள் அவருக்குப் பழகிப் போயிருந்தன. நம் காலத்தில் சென்னையில் பயின்ற சங்கர் முத்துசாமி 2025 சுவிஸ் ஓபனில், அப்போது உலகத் தரவரிசையில் இரண்டாம் இடத்தில் இருந்த ஆண்டர்ஸ் ஆன்டன்சனை வென்றார். முதல் கேமை 18-21 என்று இழந்தவர், அடுத்த இரண்டையும் 21-12, 21-5 என்று எடுத்தார். முதல் கேம் போனால் ஆட்டமே போயிற்று என்று நினைக்கும் பிள்ளைகளுக்கு நான் காட்டும் ஸ்கோர் இது.

திருநகர் அப்பா எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. டாஸ் விஷயம் எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. ஆட்டத்தின் நடுவே பயிற்சியாளர் பேசலாமா? மகளுக்குக் குளிர் என்றாலே சளி பிடித்துக்கொள்ளும். இங்கிருந்து மாத்திரை கொடுத்தனுப்பலாமா?

வெள்ளைக்கோடு எழுதியது:

நான் நடுவர் தேர்வு எழுதியவன். பயிற்சியாளர் கோர்ட்டின் பின்னால் போட்டிருக்கும் நாற்காலியில் அமரலாம். ஷட்டில் ஆட்டத்தில் இல்லாத நேரத்தில் மட்டுமே குரல் கொடுக்கலாம். 11 புள்ளியில் வரும் 60 விநாடி இடைவேளையிலும், கேம்களுக்கு நடுவே வரும் 120 விநாடி இடைவேளையிலும் அருகில் வந்து பேசலாம். காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதை அந்த 60 விநாடிக்குள் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட வேண்டும். நான் பார்த்தவரை பலர் அந்த நேரம் முழுவதையும் திட்டுவதிலேயே செலவழிக்கிறார்கள்.

மாத்திரை விஷயத்தில் கவனம் தேவை. சளிக்காகக் கடையில் வாங்கும் சில கூட்டு மருந்துகளில் மூக்கடைப்பைக் குறைக்கும் சூடோஎபிட்ரின் என்ற மருந்து இருக்கும். போட்டிக் காலத்தில் குறிப்பிட்ட அளவுக்கு மேல் அது சிறுநீர் மாதிரியில் தெரிந்தால் ஊக்கமருந்து விதிமீறல் ஆகிவிடும். ஜூனியர் என்பதால் விலக்கு ஒன்றும் கிடையாது. அட்டையின் பின்புறம் உள்ள மருந்துப் பெயர்களை, விளையாட்டு வீரர்களைப் பார்க்கும் மருத்துவரிடம் காட்டிவிட்டு அனுப்புங்கள். சோதனைக்கு அழைத்தால், பதினெட்டு வயது நிரம்பாதவர் துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்லலாம். அது யார் என்று புறப்படும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

பின்கோடு எழுதியது:

தயாரிப்பு பற்றியும் கேட்டிருந்தீர்கள். 78 எண் ஷட்டில் ஒரு டப்பா வாங்கி, வழக்கமான ஷட்டிலோடு கலந்து, எது வருகிறது என்று சொல்லாமல் மகளுக்கு அடித்துப் போடும்படி பயிற்சியாளரிடம் சொல்லுங்கள். நம் வெயிலில் அது எக்கச்சக்க வேகமாகப் போகும், ஆனால் கை வீச்சை உடனே மாற்றிக்கொள்ளும் பழக்கம் வரும். வாரத்தில் ஒருநாள் கதவைத் திறந்து வைத்தோ, பெரிய மின்விசிறி ஒன்றைக் கோர்ட்டின் ஒரு பக்கம் ஓடவிட்டோ ஆடட்டும். ராக்கெட்டுகளில் ஒன்றை வழக்கத்தைவிட ஓரிரு பவுண்டு தளர்த்தி ஸ்ட்ரிங் போட்டு எடுத்துச் செல்லலாம். ஷட்டில் கனமாகத் தோன்றும் காலை ஆட்டங்களில் தோளுக்கு உதவும். ஐரோப்பாவின் நடுப்பகுதியில் குளிர்காலத்து மாலை ஆறு மணி என்பது நமக்கு இரவு பத்தரை. புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே பயிற்சி நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இரவை நோக்கித் தள்ளுங்கள்.