சுடர் இல்லாமலே சுடர் காட்டும் யு.வி. சென்சர்: பர்ஜ் நேரத்தில் லாக்அவுட், உதவி தேவை

கேள்வி (கங்கைகொண்டான்):

அனைவருக்கும் வணக்கம். சிப்காட் வளாகத்தில் ஓர் உணவுத் தொழிற்கூடத்தின் பராமரிப்புப் பிரிவில் இருக்கிறேன். எங்கள் நீராவி பாய்லர் எல்.பி.ஜி. பர்னரில் ஓடுகிறது, சுடரைக் கண்காணிப்பது யு.வி. (புற ஊதா) சென்சர். மூன்று வாரம் இரவு பகலாக நிற்காமல் ஓடிய பர்னர், ஞாயிற்றுக்கிழமை மின்தடைக்குப் பிறகு எழும்ப மறுக்கிறது. புளோயர் ஓடிப் பர்ஜ் (பற்றவைக்கும் முன் உலையில் தங்கிய வாயுவைக் காற்றால் வெளியேற்றுவது) தொடங்கிய சில நொடிகளில், எரிவாயு வால்வு திறப்பதற்கு முன்பே, கன்ட்ரோலரில் சுடர் இருப்பதைக் காட்டும் விளக்கு எரிந்து, பர்னர் லாக்அவுட் ஆகிவிடுகிறது (தானாகவே பூட்டிக்கொண்டு நின்றுவிடுகிறது).

தகரக் கூரையின் ஓட்டை வழியாக வெயில் விழுவதுதான் காரணம் என்றார்கள். சாக்கைப் போட்டு மறைத்தும் பலனில்லை. சென்சரைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தேன். அடித்தாலும் அணைத்தாலும் அதே சிக்னல்தான் வருகிறது. சென்சர் வயரில் ஒரு சுவிட்ச் வைத்து, பர்ஜ் முடிந்ததும் போட்டுக்கொள்ளலாம் என்கிறார் எங்கள் எலெக்ட்ரீஷியன். உற்பத்தி நிற்பதால் மேலிடத்து நெருக்கடி அதிகம். அப்படிச் செய்யலாமா?

மறுமொழி (வள்ளியூர், பர்னர் சர்வீஸ்):

செய்யவே கூடாது, தம்பி. இப்போது உங்களைக் காப்பாற்றிக்கொண்டிருப்பதே அந்த லாக்அவுட்தான். நெருப்பே இல்லாத நேரத்தில் "சுடர் இருக்கிறது" என்று சொல்லும் சென்சர், ஓடும்போது சுடர் அணைந்தாலும் அதையேதான் சொல்லும். அப்போது வால்வு மூடாது. எரியாத வாயு உலைக்குள் நிறைந்து, தணலாகக் கிடக்கும் செங்கல்லில் பட்டால் பாய்லரோடு சுவரும் போகும். சுவிட்ச் வைப்பது அதற்கு வழிவிடுவதுதான்.

வெயிலை விட்டுவிடுங்கள். சென்சருக்குள் இருக்கும் இந்த டியூப் சுமார் 190 முதல் 260 நானோமீட்டர் வரையுள்ள புற ஊதாக் கதிரை மட்டுமே உணரும். சூரிய ஒளியின் அந்தப் பகுதியை ஓசோன் படலம் மேலேயே தடுத்துவிடுகிறது. டார்ச்சாலும் பயனில்லை, டீசல் பர்னரின் போட்டோசெல்லுக்குத்தான் அது பொருந்தும். யு.வி. டியூபுக்கு லைட்டர் சுடரைக் காட்ட வேண்டும். பக்கத்தில் வெல்டிங் நடந்தாலும் அது ஏமாறும். ஆகவே அதையும் கவனியுங்கள்.

டியூப் முனைகளில் சில நூறு வோல்ட் இருக்கும். எனவே மின்சாரத்தை நிறுத்திவிட்டு, கன்ட்ரோலர் பக்கம் சென்சர் வயரைக் கழற்றி, பின்பு ஸ்டார்ட் கொடுங்கள். சிக்னல் போய்விட்டால் கோளாறு சென்சரில் அல்லது கேபிளில். போகவில்லை என்றால் கன்ட்ரோலரில். அடுத்து, சென்சரை வெளியே எடுத்துக் கறுப்புத் துணியால் முழுவதும் மூடிப் பாருங்கள்.

கேட்டவர்:

வயரைக் கழற்றியதும் சிக்னல் போய்விட்டது, அண்ணாச்சி. மாட்டிவிட்டு, விளக்குகளை அணைத்துத் துணிக்குள் தலையை நுழைத்துப் பார்த்தேன். டியூபின் இரு கம்பிகளுக்கு நடுவே மங்கலான ஒளி விடாமல் மினுங்கியது.

மறுமொழி (வள்ளியூர்):

அப்படியானால் டியூப் தானாகவே மின்னிறக்கம் ஆகிறது, அதாவது சுடரின் கதிர் படாமலே அதற்குள் மின்சாரம் பாய்கிறது. முதிர்ந்த டியூபில் இது வழக்கமான கோளாறு. எனக்கு உறுத்துவது அந்த மூன்று வாரந்தான். அவ்வப்போது பார்வையை மறைத்துத் தன்னைத் தானே சோதிக்கும் ஷட்டர் இல்லாத சென்சரும் சாதாரணக் கன்ட்ரோலரும் இருந்தால், பர்னரை 24 மணி நேரத்துக்கு ஒருமுறையாவது நிறுத்தி எழுப்ப வேண்டும்; ஏனெனில் சென்சர் பொய் சொல்கிறதா என்ற சோதனை ஸ்டார்ட்டின்போதுதான் நடக்கிறது. உங்கள் டியூப் எந்த நாளில் கெட்டது என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

மறுமொழி (அம்பாசமுத்திரம்):

புது டியூப் போட்டபின் சோதிக்காமல் விடாதீர்கள். முதலில் எரிவாயுவின் கை வால்வை மூடிவிட்டு ஸ்டார்ட் கொடுங்கள். ஸ்பார்க் வர வேண்டும், சுடர் சிக்னல் வரக் கூடாது. (எரிவாயு அழுத்தம் குறைந்தால் பர்னரை நிறுத்தும் குறைந்த அழுத்த சுவிட்ச் ஸ்டார்ட்டையே தடுத்தால், அந்த சுவிட்சுக்கு அடுத்துள்ள வால்வை மூட வேண்டும்.) சிக்னல் வந்தால் சென்சர் ஸ்பார்க்கைப் பார்த்து ஏமாறுகிறது, பைலட் (முதலில் பற்றும் சிறு சுடர்) பற்றாமலே மெயின் வால்வு திறந்துவிடும்.

பர்னரைக் குறைந்த தீயில் ஓடவிட்டுக் கை வால்வை மூடிப் பார்ப்பதும் வழக்கம். ஆனால் சுடர் அணைவதற்கு முன்பே அழுத்த சுவிட்ச் ட்ரிப் ஆகிவிட்டால், நீங்கள் சோதித்தது அந்த சுவிட்சைத்தான். நான் இதில் ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். ஆகவே ஓடும்போதே, கையுறை அணிந்து, சென்சரை உருவி மூடியும் பாருங்கள். எரிவாயு பர்னரில் ஒரு நொடிக்குள் வால்வு மூட வேண்டும் என்பது ஐரோப்பிய ஈ.என். 298 நியமம்.

சென்சருக்கு முன்னுள்ள கண்ணாடி உடைந்திருந்தால் கடைக் கண்ணாடியை வெட்டிப் போட வேண்டாம்; அது இந்தக் கதிரை விடாது. குவார்ட்ஸ்தான் வேண்டும்.

கேட்டவர்:

நேற்று மாலை புது டியூப் மாட்டினேன். முதல் சோதனையிலேயே, எரிவாயு இல்லாமல், ஸ்பார்க் அடிக்கும்போது சுடர் விளக்கு எரிந்தது. எலெக்ட்ரோடை உருவிப் பார்த்தால் பீங்கானில் மயிரிழை போல ஒரு கீறல். முனையில் அடிக்க வேண்டிய ஸ்பார்க், சென்சர் குழாய்க்கு நேர் எதிரே அந்தக் கீறல் வழியாகப் பாய்ந்திருக்கிறது. எலெக்ட்ரோடை மாற்றியதும் சிக்னல் வரவில்லை. சென்சரை உருவியபோது, துணியைப் போட்ட கையை எடுப்பதற்குள் எரிவாயுவின் சோலனாய்டு வால்வு டக்கென்று மூடிவிட்டது.

இனித் தினமும் காலை ஷிப்ட் மாறும்போது பர்னரை நிறுத்தி எழுப்புவது என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்தும் வாங்கிவிட்டேன். பழைய டியூப் ஸ்டோரில் கிடந்தால் ஆத்திர அவசரத்துக்கு யாராவது எடுத்து மாட்டிவிடுவார்கள் என்பதால், அதன் பின்களை முறித்துப் போட்டுவிட்டேன்.