ஓசாஸ் 18001-ம் ஐஎஸ்ஓ 45001-ம் ஒண்ணுதானுங்களா?

குறிச்சி பவுண்டரி:
வணக்கமுங்க. பம்ப் காஸ்டிங் ஊத்துற பவுண்டரில சூப்பர்வைசரா இருக்கறேன். மொத்தம் 60 பேரு, அதுல 22 பேரு காண்ட்ராக்ட். ஆபீஸ் சுவத்துல ஓசாஸ் 18001-ங்கற வேலையிடப் பாதுகாப்பு சர்டிபிகேட்டைக் கண்ணாடி போட்டு மாட்டிருக்குது. புதுசா வந்த கஸ்டமர் அதைப் பாத்துட்டு, "இது காலாவதியானதுங்க, இதுக்குப் பதிலா வந்த ஐஎஸ்ஓ 45001 வேணும்"னுட்டாரு. கன்சல்டன்ட் ஒருத்தரு பைல்ல நம்பரை மாத்துனாப் போதும்ங்கறாரு. மொதலாளிக்கு நெம்ப சந்தோஷம். எனக்குத்தான் மனசு ஒப்பல.

ரிட்டயர்டு சேப்டி:
நம்பர் மாத்துனா வேலைக்காவாதுங்க. ஓசாஸ், ஐஎஸ்ஓங்கற உலகத் தர அமைப்பு போட்டதே இல்ல. பிரிட்டன் தர அமைப்பான பிஎஸ்ஐ முன்ன நின்னு 1999-ல கொண்டு வந்தது, 2007-ல திருத்துனாங்க. 45001 வந்தது 2018 மார்ச்சுல. மாறிக்கறதுக்கு மூணு வருசம் குடுத்து, கொரோனாவால 2021 செப்டம்பர் வரைக்கும் நீட்டுனாங்க. அதோட சரி, உங்க சுவத்துல இருக்கறது இப்ப வெறும் படம்.

பழசுல மேனேஜ்மென்ட் ரெப்புன்னு ஒருத்தரைப் போட்டு எல்லாத்தையும் அவரு தலைல கட்டிரலாம். புதுசு அந்தப் பதவியவே கேக்கறதில்ல, பதில் சொல்ல வேண்டியது மொதலாளி. காண்ட்ராக்ட் ஆளுங்க சங்கதி 45001-ல 8.1.4-ங்கற பிரிவுல வருது. எல்லாத்தையும் விட முக்கியம் பிரிவு 5.4: மிசின்ல நிக்கறவனைக் கேட்டு முடிவெடுக்கோணும்.

இதோட அருமை எனக்கு ஒரு ஐப்பசி மழைலதான் தெரிஞ்சுதுங்க. நான் இருந்த பட்டறைல ஸ்கிராப் வெட்டவெளில கெடக்கும். நனஞ்ச துண்டு ஒண்ணு பர்னஸ்ல விழுந்துச்சு. உள்ள போன தண்ணி ஆவியாகி வெடிச்சு, உருகுன இரும்பு கூரைத் தகரம் வரைக்கும் தெறிச்சது. ஆளுங்க தள்ளி நின்னதால தப்பிச்சாங்க. எந்த வேலைல என்ன ஆபத்து, என்ன தடுப்புன்னு எழுதற ரிஸ்க் ரிஜிஸ்டர்ல அந்த வேலைக்கு நேரா "ஷூ, கண்ணாடி, ஏப்ரான்"னு இருந்துச்சு. எழுதுனது நானேதான். மறுநாள், பர்னஸ்ல ஸ்கிராப் போடற தம்பி சொல்றான்: "மழைன்னா நான் ராத்திரியே ஸ்கிராப்பைக் கொண்டாந்து பர்னஸ் ஓரத்துல காய வெச்சிருவனுங்க சார். நேத்து லீவு." பைல்ல எங்கயும் இல்லாத சங்கதி, அவன் தலைக்குள்ள மட்டும் இருந்துருக்குது.

அப்பறம் ஸ்கிராப்புக்கு ஷெட் போட்டோம். ஆபத்தையே எடுக்கறது மொதல்ல, ஷூவும் கண்ணாடியும் கடேசில. இந்த வரிசை 2007 ஓசாஸ்லயும் இருந்துச்சுங்க, பொய் சொல்லக்கூடாது. நாங்கதான் கீழ இருந்து மேல படிச்சோம்.

பனியன் கம்பெனி:
திருப்பூர்ல எங்க பையருங்க 45001 கேக்கறதே இல்லீங்ணா. தொழிலாளிகளை எப்படி நடத்தறோம்னு பாக்கற ஸ்மெட்டா, இல்லீன்னா எஸ்ஏ 8000 கேப்பாங்க. ஸ்மெட்டா சர்டிபிகேட் கெடையாது, ஆடிட் ரிப்போர்ட்தான். சம்பளம், ஓவர்டைம் எல்லாம் நோண்டுவாங்க, சேப்டி அதுல ஒரு பங்கு. கஸ்டமருக்கு எது வேணும்னு மெயில்ல வாங்கிக்கங்க. தரத்துக்கான ஐஎஸ்ஓ 9001 இருந்தா சுலபம், 45001-க்கும் அதே அத்தியாய வரிசைதான்.

குறிச்சி பவுண்டரி:
9001 இருக்குதுங்க. கஸ்டமர்கிட்ட மறுக்கா கேட்டேன், 45001-தானாம். நேத்துப் பொழுதோட, காஸ்டிங்கத் தேச்சு சுத்தம் பண்ற பெட்லிங் பசங்ககூட உக்காந்தேன். எல்லாரும் ஒடிசா. 5.4-ல மொழி தெரியாததையும் தடங்கல்னு சொல்லிருக்குதேன்னு, பர்னஸ் பக்கத்துல இருக்கற போர்டைக் காட்டி என்ன எழுதிருக்குதுன்னு கேட்டேன். ஒரு பையன் கொஞ்ச நேரம் பாத்துட்டு, "கம்பெனி பேருங்களா அண்ணா?"ங்கறான். "ஈரமான பொருளை உள்ளே போடாதே"ன்னு கொட்டை எழுத்துல இருக்குது, தமிழ்ல.